அப்பத்தா பெயரைப் பிள்ளைக்கு வைப்பது எப்படி: செட்டிநாட்டு வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் தெருவில் போன மூன்று வருடத்தில் பிறந்த பிள்ளைகளில் இரண்டு மீனாட்சி, ஒரு உமையாள், ஒரு கதிரேசன். நான் பிறந்த காலத்தில் இதே தெருவில் ஷ, ஸ்ரீ, ஜ எதுவும் இல்லாமல் ஒரு பெயர் வைத்தால் ‘ஏன், வேற பேரே கிடைக்கலையா’ என்று கேட்டவர்கள்தான் இப்போது ‘எங்க ஆயா பேரு, இதுதான் இப்ப ட்ரெண்டிங்’ என்று தொட்டில் போட்டோ அனுப்புகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் அந்த நாலு பிள்ளைகளில் சொந்தப் பெயரால் கூப்பிடப்படுவது ஒன்றே ஒன்று. மீனாட்சிகளில் ஒருத்தி வீட்டில் மியா, இன்னொருத்தி பேபி, கதிரேசன் கேட்டி. பழைய பெயர் பிறப்புச் சான்றிதழில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, பரணில் ஏற்றி வைத்த அண்டா மாதிரி. இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் இறக்குவதில்லை.

அதனால் இது பெயர்ப் பட்டியல் இல்லை. பட்டியல் வேண்டுமென்றால் எந்த ஆச்சியிடம் கேட்டாலும் காபி ஆறுவதற்குள் நாற்பது சொல்லிவிடுவார். பழைய பெயர் ஒன்றைத் தேடி எடுத்து, புரிந்துகொண்டு, பதிந்து, கடைசியில் அதைக் கூப்பிட்டும் பழகுவது வரை என்னென்ன செய்யவேண்டும் என்று என் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு அவள் அப்பத்தா பெயர், அதாவது என் மாமியார் பெயர். என்ன பெயர் என்று இங்கே எழுதமாட்டேன், வளர்ந்தபிறகு என்னைத்தான் கேட்பாள். மாமியார் பெயரைச் சொல்லி ஒரு பிள்ளையைத் திட்டுவது எவ்வளவு சிரமம் என்று எனக்கு யாரும் முன்னாடியே சொல்லவில்லை, அதையும் கீழே சொல்கிறேன்.

1. முதலில் உங்கள் வீட்டு முறையைக் கேளுங்கள்

நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் பொதுவாக முதல் மகனுக்கு அப்பச்சியை, அதாவது அப்பாவைப் பெற்ற ஐயா (தாத்தா) பெயர், அடுத்தவனுக்கு ஆத்தாவை, அதாவது அம்மாவைப் பெற்ற ஐயா பெயர். பெண் பிள்ளைகளுக்கும் அதே கணக்கில் அப்பத்தா, ஆயா (அம்மாவின் அம்மா). வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும், அதனால்தான் கேட்கச் சொல்கிறேன். பேரன், பேத்தி என்கிற சொல்லே பெயரன், பெயர்த்தி என்பதிலிருந்து வந்தது. பாட்டன் பெயரைச் சுமக்கிறவன்தான் பேரன், பெயர் வைக்காமல் பேரன் ஆகமுடியாது என்று எங்கள் ஐயா வம்புக்குச் சொல்வார்.

இந்த முறையில் ஒரு வீட்டில் இரண்டு பெயர்கள் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். கானாடுகாத்தான் ராஜா வீட்டையே பாருங்கள். 1929-இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் தொடங்கிய அண்ணாமலை செட்டியாரின் தகப்பனார் முத்தையா, அண்ணாமலையின் மகனும் முத்தையா. எம்.ஏ.எம். என்று நாம் சாதாரணமாகச் சொல்கிற மூன்று எழுத்துக்குள் முத்தையா, அண்ணாமலை, முத்தையா என்று மூன்று தலைமுறை வரிசையாக நிற்கிறது. உங்கள் வீட்டு விலாசத்தையும், அதாவது பெயருக்கு முன்னால் வருகிற முதலெழுத்து வரிசையையும், ஒருமுறை இப்படிப் பிரித்துப் பாருங்கள். ராம., சித., பழ., மெ., லெ., அரு., சுப., வயி. என்று முன்னால் நிற்கிற ஒவ்வொரு எழுத்தும் ஒரு ஆள். குழந்தைகளுக்குப் பாட்டு எழுதிய அழ. வள்ளியப்பாவின் ‘அழ’ அவர் தகப்பனார் அழகப்பன். கல்யாணப் பத்திரிகையில் பாதியை விலாசமே அடைத்துக்கொள்கிறது என்று நானும் சின்ன வயதில் கிண்டல் செய்தவள்தான், மகளுக்குப் பெயர் தேடும்போதுதான் அது எவ்வளவு பெரிய உதவி என்று தெரிந்தது.

ஒரு சிக்கல் மட்டும் கவனியுங்கள். உங்கள் வீட்டில் யாராவது பிள்ளை கூட்டி (சுவீகாரமாக) வந்தவராக இருந்தால் அங்கே இரண்டு வரிசை இருக்கும், பிறந்த வீட்டு வரிசை ஒன்று, வந்த வீட்டு வரிசை ஒன்று. சுவீகாரம் போனால் பெயரே மாறிவிடுவதும் உண்டு. சிறுகூடல்பட்டியில் 1927-இல் முத்தையாவாகப் பிறந்து, சுவீகாரம் போன வீட்டில் நாராயணன் ஆகி, கடைசியில் தானே வைத்துக்கொண்ட பெயரில் கவிஞராக நின்ற கண்ணதாசன் கதை தெரிந்ததுதானே. நீங்கள் தேடுகிற ஐயா பெயர் எந்த வரிசையில் இருக்கிறது என்று பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், பின்னால் மனத்தாங்கல் வராது.

2. பெயர்களைத் திரட்டுங்கள், இணையத்தில் இல்லை, வீட்டுக்குள்

என் தேடல் இரண்டாங்கட்டு (வீட்டின் இரண்டாம் முற்றத்து) அறையில் சாமான் இறக்கும்போது தொடங்கியது. எங்கள் பக்கம் சீர்ச் சாமானில் பேர் வெட்டாமல் கொடுக்கமாட்டார்கள். பித்தளைத் தூக்கு, எவர்சில்வர் வாளி, வெள்ளிக் கிண்ணம், கரண்டிக் காம்பு வரைக்கும் விலாசமும் பெயரும் இருக்கும். ஒரு முழு மத்தியானம் உட்கார்ந்து புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் படித்ததில் பதினொரு பெண்கள் கிடைத்தார்கள். அதில் மூன்று பேரை வீட்டில் யாருக்குமே தெரியவில்லை. ஒரு குடத்தில் ‘அடைக்கம்மை’ என்று இருந்தது, யார் என்று என் மாமியார் இரண்டு நாள் யோசித்து, ‘பெரிய வீட்டு ஐயாவோட முதல் சம்சாரம்’ என்று கண்டுபிடித்தார். பாத்திரத்தை எல்லாம் விற்றுவிட்ட வீடு என்றால் வருத்தப்படாதீர்கள், வேறு இடங்கள் இருக்கின்றன. (விற்ற பாத்திரம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் யாரோ ஒருவர் ஆத்தா பெயரோடு உட்கார்ந்திருக்கும், அது வேறு கதை.)

இசைகுடிமானம் (கல்யாணத்தில் இரண்டு வீட்டாரும் எழுதிக்கொள்கிற ஒப்பந்தம்) எழுதிய ஏடோ நகலோ இருந்தால் அதில் இரண்டு வீட்டுப் பெயரும் இருக்கும். மொய் ஏடு, பழைய பாகப்பிரிவினைப் பத்திரம், பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் வந்த கடிதங்கள், முகப்பில் மாட்டியிருக்கிற படங்களின் அடியில் எழுதியது, கோயிலில் ‘உபயம்’ என்று போட்டிருக்கிற சலவைக்கல், குழல் விளக்கு, மணி எல்லாவற்றையும் பாருங்கள். படைப்பு (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுவது) நடக்கிற வீடு என்றால் யாருக்குப் படைக்கிறோம் என்று கேளுங்கள். வருடா வருடம் சாப்பிட்டுவிட்டு வருகிறோம், யார் பெயரில் சாப்பிட்டோம் என்று நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது.

பெயரை மட்டும் எழுதாதீர்கள். யார், எப்படி வாழ்ந்தார், முக்கியமாக, வீட்டில் அவரை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்குக் கிடைக்கிற பதில்தான் பின்னால் ரொம்ப உதவும். விசாலாட்சி என்று ஏட்டில் இருப்பவர் சாலா ஆச்சியாக இருந்திருப்பார், அலமேலு என்பவர் மேலு. நாச்சம்மை வீட்டுக்குள் நாச்சி. நாம் ‘இது ரொம்ப நீளம், எப்படிக் கூப்பிடறது’ என்று தயங்குகிற பெயரை அவர்கள் எழுபது வருடம் சர்வசாதாரணமாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாம் புதிதாகச் சுருக்கம் கண்டுபிடிக்கவேண்டிய அவசியமே இல்லை.

3. பெயர் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளும்.

நம் பெயர்கள் நம் ஆட்கள் நடந்த வழியைச் சொல்லும். பழனிக்குப் பாதயாத்திரை போனவர்கள் வீட்டில் பழனியப்பன். சிதம்பரத்திலிருந்து சிதம்பரம், சிவகாமி. மதுரையிலிருந்து சொக்கலிங்கம், மீனாட்சி. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலை, அருணாசலம், உண்ணாமலை. ராமேசுவரம் ராமநாதன், காசி விசுவநாதன், விசாலாட்சி. இன்னும் கிட்டத்தில், குன்றக்குடியிலிருந்து சண்முகநாதன், பிள்ளையார்பட்டியிலிருந்து கற்பகம், சிங்கம்புணரிச் சேவுகப்பெருமாளிடமிருந்து சேவுகன். கப்பல் ஏறிப் போனவர்கள் பெயரோடு திரும்பி வந்தார்கள். பினாங்கில் முருகன் கோயில் இருக்கிற இடத்துக்குத் தண்ணீர்மலை என்று பெயர், இங்கே தண்ணீர்மலை என்று பெயருள்ள ஆட்கள் உண்டு. சிங்கப்பூரில் 1859-இல் கட்டியது தெண்டாயுதபாணி கோயில், ஊரில் எத்தனை தெண்டாயுதபாணி என்று எண்ணிப் பாருங்கள். கதிர்காமத்து முருகனைக் கொழும்பில் கதிரேசன் என்று கும்பிட்டவர்கள் வீட்டுப் பிள்ளைதான் கதிரேசன்.

நகரத்தார் பிரிவுகளுக்கு உரிய நம் ஒன்பது நகரக் கோயில்களில் அம்மன் பெயர்களை ஏன் யாரும் எடுப்பதில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம். வைரவன்கோயிலில் வடிவுடையம்மை, மாத்தூரில் பெரியநாயகி, இளையாத்தங்குடியில் நித்தியகல்யாணி, இரணியூரில் சிவபுரந்தேவி. வடிவு என்று ஒரு பெண் குழந்தையைக் கூப்பிட்டுப் பாருங்கள், எவ்வளவு அழகாக இருக்கிறது! உங்கள் புள்ளி (கோயில் கணக்கில் குடும்பமாகப் பதிந்திருப்பது) எந்தக் கோயிலோ அந்த அம்மன் பெயரைத் தேடும் பட்டியலில் ஒன்றாகவாவது சேருங்கள்.

பொருள் தெரியாமல் சில பெயர்களை ஒதுக்கிவிடுகிறோம். கருப்பன், முத்துக்கருப்பன், பெரியகருப்பன் எல்லாம் நிறத்தைச் சொல்வதல்ல, கருப்பர் சாமி பெயர். செட்டிநாட்டில் எந்தச் சாதி வீட்டிலும் அந்தப் பெயர் இருக்கும், ஏனென்றால் ஊர் எல்லையில் நிற்கிற சாமி எல்லோருக்கும் பொது. சாத்தப்பன் என்றால் இப்போது சிரிக்கிறார்கள். சாத்தன் ஐயனாரின் பெயர், மணிமேகலை எழுதியவரே சீத்தலைச் சாத்தனார்தான். அலமேலு என்பது அலர்மேல் மங்கை, தாமரைமேல் இருப்பவள். அடைக்கம்மையில் இருப்பது அடைக்கலம். உண்ணாமலை என்பது திருவண்ணாமலை உண்ணாமுலை அம்மன், நம் முன்னோர்கள் வாயில் உருண்டு வசதியான வடிவத்துக்கு வந்திருக்கிறது. அந்த வடிவத்தையே பதியுங்கள், ‘திருத்தி’ எழுதப் போகாதீர்கள். லெட்சுமணன், லெட்சுமி, வயிரவன் எல்லாவற்றுக்கும் இதே பேச்சுதான். அகராதிப்படி இலட்சுமணன் என்று மாற்றினால் அது வேறு யாரோ ஒருவர் பெயர், உங்கள் ஐயா பெயர் இல்லை.

4. கழிக்கவேண்டியதைக் கழியுங்கள்

இப்போது கையில் இருபது முப்பது பெயர் இருக்கும். நட்சத்திர எழுத்து பார்க்கிற வீடு என்றால் பயப்படவேண்டாம், பழைய பெயரிலேயே கிடைக்கும். மகத்துக்கு ம, மீ, மு, மே: மீனாட்சி, முத்தையா, மெய்யப்பன் எல்லாம் பொருந்தும். கார்த்திகைக்கு அ, ஈ, உ, ஏ: அழகப்பன், உமையாள். ரோகிணிக்கு ஓ, வ, வி, வு: வள்ளியம்மை, விசாலாட்சி. சதயத்துக்கு கோ, ச, சி, சு: கோதை, சாத்தப்பன், சிவகாமி, சுப்பையா. எழுத்துக்காக ஒன்றுமில்லாத பெயரை இணையத்தில் தேடிக் கண்டுபிடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும், சமையலறை அலமாரியில் பெயர் வெட்டிக் காத்திருக்கிறது.

எண்கணிதம் பற்றி ஒரு வரி: அழகப்பனுக்கு ஆங்கிலத்தில் இரண்டு ஏ கூடுதலாகச் சேர்த்தால் அதிர்ஷ்டம் வருமோ வராதோ, பாஸ்போர்ட் ஆபீசில் வரிசை நிச்சயம் வரும்.

அகால மரணம் அடைந்தவர் பெயரைச் சில வீடுகளில் வைக்கமாட்டார்கள், சில வீடுகளில் அதற்காகவே வைப்பார்கள். இது வாதம் செய்து ஜெயிக்கிற விஷயம் இல்லை. இன்னொன்று, ஐயாவுக்கு நாலு மகன் இருந்தால் ஊரில் ஒரே பெயரில் நாலு பேரன் ஏற்கெனவே இருப்பார்கள். எங்கள் பங்காளி வீட்டில் பெரிய முத்தையா, சின்ன முத்தையா, சென்னை முத்தையா, சிங்கப்பூர் முத்தையா. சென்னை முத்தையா இப்போது பெங்களூரில் இருக்கிறார், சிங்கப்பூர்க்காரர் ஊரோடு வந்துவிட்டார், பெயர் மாறவில்லை. இது குறை என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் ஐந்தாவது முத்தையாவாக உங்கள் பிள்ளை போகவேண்டுமா என்று முன்னாடியே யோசித்துக்கொள்ளுங்கள்.

சுலபமாகத் திரும்பி வருகிற பெயர்கள் என்றால் உமையாள், கோதை, வள்ளி, சிவகாமி, தேனம்மை, கதிரேசன், அழகப்பன். யாரும் புருவம் தூக்கமாட்டார்கள். விசாலாட்சி, அலமேலு, மெய்யம்மை, சிதம்பரம், முத்தையா வைத்தால் முதல் வருடம் ‘அட!’ என்பார்கள், அப்புறம் பழகிவிடும். சிகப்பி, கண்ணாத்தாள், ஆவிச்சி, வெள்ளையன், சாத்தப்பன் இதெல்லாம் வைக்க தைரியம் வேண்டும். எனக்கு என்னவோ அந்தக் கடைசி வகைமேல்தான் ஆசை, வீட்டில் ஓட்டு விழவில்லை.

5. கூப்பிட்டுப் பாருங்கள்

பழைய பெயர் வைக்கிற வேலையில் ஆகக் கஷ்டமானது இதுதான், தேர்ந்தெடுப்பது இல்லை.

செட்டிநாட்டு வீடு முகப்பிலிருந்து கடைசிக் கட்டு வரை ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை போகும். முகப்பில் நின்று கூப்பிட்டால் வளவு (நடு முற்றம்) தாண்டி, இரண்டாங்கட்டு தாண்டி அடுப்படிக்குக் கேட்கவேண்டும். நம் பழைய பெயர்கள் அப்படிக் கூப்பிடுவதற்கென்றே செய்ததுபோல இருக்கும். அழகப்பன், கூப்பிடும்போது அழகப்பா...! பழனியப்பா...! முத்தையா பிறக்கும்போதே ஆ-வில் முடிகிறார். மீனாச்சீ, வள்ளீ, கோதே என்று கடைசி எழுத்தை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் இழுக்கலாம். உமையாள் கூப்பிடும்போது ‘ள்’ஐ விட்டுவிட்டு உமையா ஆகிவிடுவாள். இப்போது வைக்கிற விக், த்விக், யன்ஷ் எல்லாம் இழுத்தால் அறுந்துவிடுகிறது. அதனால்தான் அந்தப் பிள்ளைகளை எல்லாம் வீட்டில் ‘கண்ணா’ என்று கூப்பிட்டுச் சமாளிக்கிறார்கள்.

சோதனை இதுதான். கடைசியாக மிஞ்சிய மூன்று பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் ஒரு வாரம் வயிற்றில் இருக்கிற பிள்ளையைக் கூப்பிடுங்கள், அல்லது பிறந்த பிள்ளையை. கொஞ்சிக் கூப்பிடுங்கள், அவசரத்தில் கூப்பிடுங்கள், கோபத்தில் கூப்பிடுங்கள், போனில் அடுத்தவருக்குச் சொல்வதுபோலச் சொல்லுங்கள். ‘மெய்யம்மை, செருப்பைப் போடு, வேன் வந்திருச்சு’ என்று ஒரே மூச்சில் சொல்ல வருகிறதா? வரவில்லை என்றால் அவரை அந்தக் காலத்தில் எப்படிக் கூப்பிட்டார்கள் என்று எழுதி வைத்திருக்கிறீர்களே, அதைப் போட்டுப் பாருங்கள்: ‘மெய்யா, செருப்பைப் போடு.’ வந்துவிட்டது பாருங்கள்.

அப்புறம் நம் ஊருக்கே உரிய சிக்கல். மருமகள் மாமனார் மாமியார் பெயரைச் சொல்லக்கூடாது, பெண்டாட்டி புருசன் பெயரைச் சொல்லக்கூடாது. எங்கள் ஊரில் ஒரு ஆச்சி ரேசன் கடையில் புருசன் பெயரைக் கேட்டதற்கு, ‘திருவண்ணாமலை இருக்குல்ல தம்பி, அதுல திருவ எடுத்துரு’ என்றார். அதே ஆச்சி பேரனுக்கும் அதே பெயர், அவனைக் கடைசி வரை ‘பெரியவுக’ என்றுதான் கூப்பிட்டார். பாதி வீடுகளில் பிள்ளைகளுக்கு ஐயா, அப்பச்சி, ஆத்தா, ராசா என்று கூப்பிடும் பெயர் வந்ததே இந்தக் காரணத்தால்தான். இது மரியாதையில் பிறந்த வழக்கம், ஆனால் பெயர் ஏட்டோடு தங்கிப்போவதற்கும் இதே காரணம்.

என் கதைக்கு வருகிறேன். முதல் ஆறு மாதம் மகளை நான் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிட்டேன். பெயர் வாய் வரை வரும், பட்டாலையில் மாமியார் உட்கார்ந்திருப்பார், விழுங்கிவிடுவேன். ஒருநாள் அவள் மாவுச்சட்டியைக் கவிழ்த்தபோது தன்னால் முழுப் பெயரையும் சொல்லி, பின்னால் ஒரு ‘ஏய்’ போட்டுக் கத்திவிட்டேன். வளவு முழுக்க நிசப்தம். மாமியார் திரும்பிப் பார்த்து, ‘என்னைய இந்த வீட்டுல அப்புடிக் கூப்புட்டு அம்பது வருசமாச்சு’ என்றார். சிரிக்கிறாரா கோபமா என்று தெரியாமல் நின்றேன். சிரிப்புதான். அன்றைக்குப் பேசித் தீர்த்துக்கொண்டோம், பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு அனுமதி, திட்டும்போது மட்டும் ‘ஆச்சி’ என்று முடிக்கவேண்டும். மாமனார் மாமியார் உயிரோடு இருக்கும்போது பெயர் வைக்கிறவர்கள் இந்தப் பேச்சைப் பெயர் வைப்பதற்கு முன்னாலேயே பேசிவிடுங்கள்.

6. வீட்டுப் பேச்சுவார்த்தை

இதில் சொல்ல அதிகமில்லை. எந்தப் பக்கத்துப் பெயர் என்பதில் வராத சண்டை ‘ஸ்டைலா இல்லையே’ என்பதில் வரும், அதுவும் பெரியவர்களிடமிருந்து வரும். ‘எம்பேரு எதுக்கு, புள்ளைக்கு நல்ல பேரா வையுங்க’ என்று அப்பத்தாவே சொல்வார். நம்பாதீர்கள், உள்ளுக்குள் ஆசை இருக்கும். நேரில் கேட்காமல் கூடப்பிறந்தவர் மூலம் கேளுங்கள். வீட்டுக்காரர் சம்மதிக்காவிட்டால் இரண்டு பெயர் வைக்கலாம் என்ற யோசனை வரும், சான்றிதழுக்குப் பழையது, கூப்பிடுவதற்குப் புதியது. நான் சொல்வது தலைகீழாக: இரண்டு வைத்தே ஆகவேண்டும் என்றால் புதியது சான்றிதழில் இருக்கட்டும், பழையதைக் கூப்பிடுங்கள்.

7. எழுத்தும் பதிவும்

பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதியவேண்டும். ஆனால் அப்போதே பெயரும் கொடுத்தாகவேண்டும் என்று சட்டம் இல்லை, இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் நான் மாட்டினேன். பெயர் இல்லாமலே பதிந்துவிட்டு, 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயர் சேர்க்கலாம். அதற்கப்புறமும் 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். அதனால் அவசரப்படாதீர்கள், கூப்பிட்டுப் பார்க்க நேரம் இருக்கிறது. ஆனால் ஒருதடவை பெயர் ஏறிவிட்டால் எழுத்துப்பிழை திருத்தலாமே தவிர, மனசு மாறியது என்று மாற்றமுடியாது, அதற்கு அரசிதழ் வரை போகவேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதி ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். அதனால் அந்த ஒரு தாள் சரியாக இருக்கவேண்டும்.

எங்களுக்கு நடந்தது: பிரசவம் ஆன மறுநாள் ஆஸ்பத்திரியில் ஒருவர் பேப்பரோடு வந்து பெயர் கேட்டார், தூக்கமில்லாத என் வீட்டுக்காரர் வாயாலேயே சொன்னார், அவர் காதில் விழுந்ததை எழுதிக்கொண்டார். வந்த சான்றிதழில் ள-வுக்கு ல, ஆங்கிலத்தில் இன்னொரு விதம். திருத்துவதற்கு நாலு தடவை அலைந்தோம். ஆகவே பெயரை வாயால் சொல்லாதீர்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், பதிவதற்குமுன் திரும்பப் படித்துப் பாருங்கள்.

ஆங்கில எழுத்தை முன்னாடியே முடிவு செய்யுங்கள். ழ-வுக்கு எல்-ஆ, இசட் ஹெச்-ஆ? காரைக்குடிப் பல்கலைக்கழகம் அழகப்பாவை எல் போட்டுத்தான் எழுதுகிறது, உங்கள் வீட்டுப் பழைய பத்திரங்களிலும் பெரும்பாலும் எல்தான் இருக்கும். இசட் ஹெச் போட்டால் வடக்கே ‘அசகப்பன்’ என்று படிப்பார்கள். ஐயாவின் ஆவணங்களில் எப்படியோ அப்படியே எழுதினால் தலைவலி குறைவு.

விலாசத்தை என்ன செய்வது? நம் முறையில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, பாஸ்போர்ட்டோ முதலெழுத்தை ஏற்காது, விரித்து எழுதச் சொல்லும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்குச் சுற்றுலா விசா கிடையாது என்று அறிவித்தபோது நம் பக்கத்தில் எத்தனை வீட்டில் பரபரப்பு! அதனால் தகப்பன் பெயரை இரண்டாம் பெயராகச் சேர்த்துவிடுங்கள். முழு விலாசத்தையும் சான்றிதழில் ஏற்றவேண்டாம், அது பத்திரிகைக்கும் பாத்திரத்துக்கும் இருக்கட்டும்.

8. முதல் மூன்று வருடம்

காதில் மூன்று முறை பெயர் சொல்கிற நாள் ஒருநாளோடு முடிந்துவிடும். உண்மையான வேலை அதற்குப் பின்னால். பிள்ளை தன் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகுகிற காலத்தில் காதில் விழுவது எதுவோ அதுதான் அதன் பெயர். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் அன்று ‘வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள்’ என்று டீச்சர் கேட்பார், சட்டென்று ஒரு செல்லப் பெயர் சொல்லிவிடாதீர்கள், அதோடு கதை முடிந்தது. ‘பேரு பழசா இருக்கே’ என்று வகுப்பில் யாராவது சொன்னால் பிள்ளை கையில் ஒரு பதில் இருக்கவேண்டும். என் மகளுக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்தது: ‘இது எங்க அப்பத்தா பேரு, எங்க வீட்டுத் தூக்குல இருக்கு.’ ஒருநாள் அந்தத் தூக்கில் சாப்பாடு கொண்டுபோகவேண்டும் என்று அழுதாள். இரண்டு படி கொள்ளும் பித்தளைத் தூக்கு.

பெரியவர்களைப் பழக்குவதுதான் கஷ்டம். அதற்கு நாங்கள் ஒரு உண்டியல் வைத்தோம். மகளை பாப்பா, பேபி, குட்டிம்மா என்று யார் கூப்பிட்டாலும் பத்து ரூபாய் போடவேண்டும், மாமியாருக்கு மட்டும் விலக்கு, அவர் தன் பெயரைத் தானே எப்படிக் கூப்பிடுவார் பாவம், ‘ஏத்தா’ என்கிறார். போன பிள்ளையார் நோன்பன்று உடைத்து எண்ணியதில் 740 ரூபாய் இருந்தது, பாதிக்குமேல் என் வீட்டுக்காரர் போட்டது. அதில் பிள்ளைக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கிப் பேர் வெட்டக் கொடுத்திருக்கிறோம். வெட்டுகிறவர், ‘ஏற்கெனவே இந்தப் பேர்ல உங்க வீட்டுச் சாமான் நான் பாத்திருக்கேனே ஆச்சி’ என்றார்.